பத்தாண்டுக்குப் பத்து நிமிடம்

சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் நான்கு நாள்களாகப் பொறுத்திருந்தேன். நேற்று மாலை கூட்டக் குறிப்பு வந்து சேர்ந்தது. ஏழாவது பொருளுக்கு நேராக, "தொலைநோக்கு வரைவு: நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. அந்த நேரமின்மை எப்படி ஏற்பட்டது என்பது கூட்டத்தில் இருந்த அனைவருக்கும் தெரியும். இலச்சினையின் நீலம் எவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பதை ஒரு மணி நாற்பது நிமிடம் அலசி முடித்த பிறகு, கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளை, உருவாக்கும் இந்தச் சமூகம் அடுத்த பத்தாண்டில் என்ன செய்யப்போகிறது என்ற கேள்விக்குப் பத்து நிமிடம் மிச்சமிருந்தது. அதிலும் நான் என் வரைவின் இரண்டாவது பத்தியைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் குறுக்கிட்டு, "முதலில் நிரலில் ஒரு பிழையையாவது சரிசெய்துவிட்டு வந்து தொலைநோக்கு பேசுங்கள்" என்றார். சிலர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அவர் பெயரை யாரும் பின்னூட்டத்தில் எழுத வேண்டாம். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. இருக்கிறது, ஆனால் இந்தப் பதிவு அதற்காக அன்று. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். தொலைநோக்கு என்பது முகப்பில் மாட்டிவைக்கும் அழகு வாசகம் அன்று. எதையெல்லாம் செய்ய மாட்டோம் என்பதை, கேட்கப்போகிறவர் யார் என்று தெரிவதற்கு முன்பே எழுதிவைத்துக்கொள்வதுதான் தொலைநோக்கு. அப்படி ஓர் எழுத்து இல்லாத இடத்தில் ஒவ்வொரு மறுப்பும் ஒருவர் இன்னொருவருக்குச் செய்த அவமதிப்பாகவே போய் முடிகிறது. ஏனென்றால் சுட்டிக்காட்டுவதற்கு அங்கே ஆள் மட்டும்தான் இருக்கிறார். நம்மை விட்டு விலகிப் போனவர்களில் எத்தனை பேர் நிரல் பிடிக்காமல் போனார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"பேச்சு மலிவு, நிரலைக் காட்டு" என்று 2000-ஆம் ஆண்டில், லினக்ஸ் கருவத்தை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சொன்னதை நம்மில் சிலர் வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். ஒரு தொழில்நுட்ப வாதத்துக்கு அவர் கொடுத்த பதில் அது. எதிர்காலத்தைப் பற்றி வாயைத் திறப்பவர்களை உட்காரவைப்பதற்கான மந்திரமாக அதை மாற்றியது நாம்தான். 1983 செப்டம்பர் 27 அன்று, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தபோது, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தோடு ஒத்துப்போகும் முழு அமைப்பு ஒன்றை இனிமேல்தான் எழுதத் தொடங்கப்போகிறேன் என்றே அறிவித்தார். வேலை தொடங்கியது 1984 ஜனவரியில். அந்த அறிவிப்பு நமது சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஏழாவது பொருளாக வந்திருந்தால் அதன் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டிருக்கும்.

உடனே அடுத்த வாதம் வரும், எனக்குத் தெரியும்: லினக்ஸ் எந்தத் தொலைநோக்கோடு பிறந்தது? இது வெறும் பொழுதுபோக்கு, குனுவைப் போலப் பெரிதாக வராது என்றுதானே 1991 ஆகஸ்டு 25 அன்று, மாணவராக இருந்த லினஸ் எழுதினார்? எழுதினார். அதே செய்தியில், கட்டளைகளை ஏற்று இயக்கும் பாஷ் ஷெல்லையும் நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் ஜிசிசி தொகுப்பியையும் தன் அமைப்பில் ஓடவைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். அவை இரண்டும் எங்கிருந்து வந்தன? எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நிரலைக் காட்டாமல் பேசிய பேச்சிலிருந்து வந்தன. 1992-இல் லினக்ஸ் ஏற்றுக்கொண்ட, நிரலைத் திருத்திப் பகிர்பவர் அதே உரிமையைப் பிறருக்கும் தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமமும் அங்கிருந்து வந்ததுதான். பொழுதுபோக்காக ஒருவர் கட்டுவதற்கு, வேறு யாரோ தீவிரமாக யோசித்துவைத்த தரை வேண்டியிருந்தது.

குனுவின் சொந்தக் கருவமான ஹர்டைப் பற்றிக் கேட்பீர்கள். 1990-இல் தொடங்கி இன்னும் 1.0 பதிப்பை எட்டவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன், மேலே போவோம்.

மறுப்பை எழுத்தில் வைப்பது என்றால் என்ன என்பதற்கு, லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைத் தன்னார்வலர்கள் கூடி உருவாக்கும் டெபியனைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1993-இல் தொடங்கிய அந்தச் சமூகம் 1997-இல் தன் சமூக ஒப்பந்தத்தை எழுதி ஏற்றுக்கொண்டது. பயனர்களும் கட்டற்ற மென்பொருளும்தான் எங்கள் முன்னுரிமைகள் என்று அது சொல்கிறது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதிய நாள்கள் உண்டு. கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை, அதாவது வைஃபை போன்ற வன்பொருளை இயக்கும் உள்மென்பொருளை, அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்க மாட்டோம் என்று பல ஆண்டுகள் இருந்தார்கள். விளைவாக, புதிய மடிக்கணினியில் டெபியனை நிறுவுகிறவருக்கு வைஃபை வேலை செய்யாது, வேலை செய்வதற்கான கோப்பைப் பதிவிறக்க வைஃபை வேண்டும். கடைசியில் 2022-இல் பொது வாக்கெடுப்பு நடத்தி, சமூக ஒப்பந்தத்தையே திருத்தி, சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவு எனக்கு முழுதும் உடன்பாடு அன்று. ஆனால் இருதரப்பும் கையில் ஒரே ஆவணத்தை வைத்துக்கொண்டு, அதன் எந்தச் சொல் எந்தச் சொல்லைவிட மேல் என்று வாதிட்டார்கள். தோற்றவர்கள் ஒரு வாக்கியத்திடம் தோற்றார்கள். நாம் யாரிடம் தோற்கிறோம்? யார் குரல் உரக்கக் கேட்கிறதோ, யார் இணைப்பு அறுந்துபோகாமல் இருக்கிறதோ அவரிடம்.

பிழையைச் சரிசெய்துவிட்டு வரச்சொன்ன நண்பருக்கு ஒரு தகவல். 2004 ஆகஸ்டில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் முதலாம் எண் பிழை அறிக்கையை அதன் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் பதிந்தார். சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசாஃப்ட்டிடம் இருக்கிறது என்பதே அந்தப் பிழை. 2013-இல்தான் அது மூடப்பட்டது. ஒரு தொலைநோக்கைப் பிழையாகப் பதிந்து ஒன்பது ஆண்டுகள் திறந்துவைத்திருக்கலாம் என்றால், நானும் பிழையைத்தான் சரிசெய்ய வந்தேன் என்று சனிக்கிழமை சொல்லியிருக்க வேண்டும். இது எனக்கு ஞாயிற்றுக்கிழமை தோன்றியது. எனக்கு எல்லாமே ஞாயிற்றுக்கிழமைதான் தோன்றும்.

நான் நிரலாளன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எட்டு ஆண்டுகளாக இடைமுகச் சொற்களையும் உதவிப் பக்கங்களையும் மொழிபெயர்க்கிறேன். தொடக்கத்தில் என்னை இங்கே இழுத்ததே ஒரு சொல்தான். ஆங்கிலத்துக்காரர்கள் தங்கள் "ஃப்ரீ" என்ற சொல்லுக்கு இலவசம் என்று பொருளா, விடுதலை என்று பொருளா என்று ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்க, நாம் "கட்டற்ற" என்று ஒரே சொல்லில் சண்டையை முடித்துவிட்டோம் என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை இருந்தது. அந்தப் பெருமையில் ஒரு முறை பதினொரு மாதம் உட்கார்ந்து நமது மென்பொருளின் ஒரு கூறின் உதவிப் பக்கங்கள் முழுவதையும் மொழிபெயர்த்தேன். மூவாயிரத்துச் சொச்சம் வரிகள். முடித்து மூன்றாவது வாரம் நிரல் களஞ்சியத்திலிருந்து அந்தக் கூறே நீக்கப்பட்டது. "பயன்படாதவை அகற்றப்பட்டன" என்று மாற்றக் குறிப்பில் இருந்தது.

யாரும் எனக்குத் தீங்கு நினைக்கவில்லை. அந்தக் கூறு போகப்போகிறது என்பது ஓராண்டுக்கு முன்பே மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், நல்லவர்கள். கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. எங்கே போகிறோம் என்பது மூன்று தலைகளுக்குள் மட்டும் இருக்கும்போது, நான்காவது ஆள் செய்யும் வேலை சூதாட்டம். அதைத்தான் வரைவில் கொஞ்சம் மரியாதையான மொழியில் எழுதியிருந்தேன்: எந்தக் கூறுகளை எத்தனை ஆண்டுக்குப் பராமரிப்போம், எதை எப்போது கைவிடுவோம் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், ஒவ்வொரு கூறுக்கும் குறைந்தது இரண்டு பராமரிப்பாளர்கள் வேண்டும், மொழிபெயர்ப்பும் ஆவணமாக்கமும் முடியாமல் ஒரு வெளியீட்டை முடிந்ததாகக் கருதக் கூடாது. இதில் எந்த வாக்கியம் கனவு என்று யாராவது காட்டுங்கள்.

"நான்கு பக்கத்தை யார் படிப்பது" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு அதைவிட நீளம். நாம் வெளியிடும் ஒவ்வொன்றிலும் அதை இணைக்கிறோம். அதையும் படித்ததில்லை என்று ஒப்புக்கொள்ள அவர் தயாரா என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்குப் பயமாக இருக்கிறது.

தன்னார்வலர்களை ஏவ முடியாது, மாலை நேரத்தில் தூக்கத்தை விட்டு எழுதுகிறவரிடம் பத்தாண்டுத் திட்டத்தை நீட்டினால் அவர் ஓடிவிடுவார் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. இதைச் சொன்னவர் நான் மதிக்கும் மனிதர் என்பதால் இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் யாரையும் ஏவாமலும் திசையைத் தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸுக்கான திரைச்சூழலை உருவாக்கும் கேடிஈ சமூகம் 2017 முதல் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தன் பொது இலக்குகளை உறுப்பினர்களின் முன்மொழிவுகளிலிருந்து வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. அந்த இலக்கில் வேலை செய்யாதவரை யாரும் தண்டிப்பதில்லை. புதிதாக வருகிறவருக்கு எங்கே கைவைப்பது என்று தெரிகிறது, அவ்வளவுதான். ஏவல் என்று அவர் அஞ்சுவது ஏற்கெனவே நம்மிடம் நடக்கிறது. எழுதப்படாத ஏவல் என்பதால் அவர் கண்ணில் படவில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எக்ஸ்இசட் விவகாரத்தைப் பற்றி 2024 மார்ச்சில் நாம் எல்லோரும் பரபரப்பாகப் பேசினோம். உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் ஒரு சுருக்கக் கருவி, அதைச் சுமந்துகொண்டிருந்த களைத்துப்போன ஒரே பராமரிப்பாளர், வேகம் போதாது என்று அவரை நெருக்கிய சில கணக்குகள், ஆண்டுக்கணக்கில் உதவி செய்து நம்பிக்கையைப் பெற்று, அனுமதியின்றி உள்ளே நுழைய உதவும் பின்கதவை அதில் நுழைத்த ஒருவர். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் சந்தேகப்பட்டதால்தான் தப்பித்தோம். அன்று நமது குழுவிலும் "இனி ஒவ்வொரு கூறுக்கும் இரண்டு பேர்" என்று எல்லோரும் எழுதினார்கள். அந்த உரையாடலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை சிரித்தவர்களில் மூன்று பேர் அதை ஆமோதித்திருக்கிறார்கள். நம்மிடம் இன்றும் ஒரே ஆள் சுமக்கும் கூறுகள் ஆறு இருக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சுமப்பவர், என்னைப் பிழை சரிசெய்யச் சொன்ன அதே நண்பர். அவர் விடுமுறை எடுத்து எத்தனை காலம் ஆகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் நள்ளிரவில் அனுப்பும் புதிய சொற்களை மொழிபெயர்க்கிறவன் நான்தான். ஒரு வேளை அந்தச் சிரிப்பில் களைப்பும் இருந்திருக்கலாம். அந்த இரண்டாவது ஆளை அவருக்காகவும்தான் வரைவில் கேட்டிருந்தேன் என்பதைச் சொல்லும் முன் பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

நீல நிறம் பற்றிய முடிவும் எட்டப்படவில்லை என்று குறிப்பில் இருக்கிறது. அதற்காகத் தனிக் கூட்டம் ஒன்று கூட்டப்படுகிறதாம். என் வரைவு அதே இடத்தில், யாரும் திருத்தக்கூடிய வகையில் திறந்தே கிடக்கிறது. இன்று காலை போய்ப் பார்த்தேன். இதுவரை ஒரே ஒருவர் அதில் கைவைத்திருக்கிறார்: மூன்றாம் பக்கத்தில் நான் விட்டுவிட்ட ஒரு "க்"கைச் சேர்த்து, "ஒற்றுப்பிழை சரிசெய்யப்பட்டது" என்று குறிப்பும் எழுதியிருக்கிறார். அவருக்கு என் நன்றி.