மாசி மாதத்தில் தலை எண்ணினால் ஊரில் யார் இருப்பார்கள்?

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி பெரும்பாலோர் விவசாயிகள் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. சரி, ஆனால் அந்தத் தலைக்கணக்கு எடுத்தது பிப்ரவரியில். எங்கள் பக்கம் மானாவாரி நிலம்தான். ஆடியில் விதைத்த கேழ்வரகும் நிலக்கடலையும் தைக்குள் வீடு வந்துவிடும். அப்புறம் பாதி வீடுகள் பூட்டுதான். பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்கும், திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் கிளம்பிவிடுவார்கள். ஊரில் மிச்சம் பாட்டியும் நாலு ஆடும். (ஆட்டைக் கணக்கெடுக்க வேறு ஆள் வருவார்!)

இன்னொன்று, ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவரைக் கணக்கெடுப்பில் முதன்மைத் தொழிலாளராகச் சேர்க்க மாட்டார்கள். ஒன்றரை ஏக்கர் வைத்துக்கொண்டு, களையெடுப்புக்குக் கூலிக்கும் போய், புளி உலுக்கி, பால் ஊற்றும் என் சித்தியை எந்தக் கட்டத்தில் எழுதினார்களோ.