கரிந்தண்டன் பேய் இல்லை

அந்த ரீலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கேரள வயநாட்டின் லக்கிடி சங்கிலி மரம், நள்ளிரவு, டார்ச் வெளிச்சம், நரி ஊளை, "இங்கதான் ஒரு ஆதிவாசிப் பேயைக் கட்டி வச்சிருக்காங்க மக்களே!" நாலு பேர் எனக்கு அனுப்பி, "உங்க ஊர்ப் பக்கம்தானே?" என்று சிரித்திருக்கிறார்கள்.

பேய் இல்லை. ஆள். பெயர் கரிந்தண்டன், பணியர் என்ற பழங்குடி. வயநாட்டுக்கு மலையேற வழி தெரியாமல் வெள்ளைக்காரர்கள் திணறியபோது, மாடுகள் ஏறி இறங்கும் தடத்தைக் காட்டியவர். இன்று நாம் 9 கொண்டை ஊசி வளைவிலும் வாந்தியெடுத்துக்கொண்டு ஏறுகிறோமே, அந்தத் தாமரசேரி சுரம் என்கிற மலைப்பாதைதான். பெயர் தனக்கே வர வேண்டும் என்று கூட வந்த இன்ஜினியர் அவரைக் கொன்றுவிட்டான். அப்புறம் அந்த வழியில் விபத்துகள். ஆவிதான் காரணம் என்று மந்திரவாதியை வைத்து மரத்தோடு சங்கிலியில் கட்டினார்கள். இந்தக் கதையில் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று ரீல்காரருக்கு இன்னும் விளங்கவில்லை.

நீலகிரி கூடலூரில் என் அம்மாவோடு கொழுந்து பறித்த பணியர் பாட்டி ஒருவர் இதைச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "கையில வளை இருக்கிற வரைக்கும் அவனைக் கொல்ல முடியாது. தூங்குறப்ப கழட்டிட்டான்" என்பார். பேய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "எங்காளு" என்பார்.

"ஆதாரம் இருக்கா?" என்று வருவீர்கள். கொன்றவன் கோப்பில் எழுதி வைப்பானா? சரி, ஆதாரம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பேயை மட்டும் ஆதாரம் கேட்காமல் நம்பினீர்களே!

"சும்மா ஜாலிக்கு" என்கிறீர்களா? பாகிஸ்தானில் லண்டி கோத்தலில் ஒரு மரம் நிற்கிறது. 1898இல் ஜேம்ஸ் ஸ்குயிட் என்ற வெள்ளை அதிகாரி, குடிபோதையில் மரம் நகர்வதாக நினைத்து அதைக் கைது செய்யச் சொன்னாராம். சங்கிலி இன்னும் கிடக்கிறது. அதைப் பார்த்துச் சிரியுங்கள், நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்த ஊர்க்காரர்களே அதை வெள்ளையன் தங்கள் மேல் போட்ட சட்டத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறேன் என்று தெரியும். என் தாத்தா இலங்கைத் தோட்டத்தில் முதுகு ஒடிந்தவர். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேற்றி விட, கூடலூர் வந்து மறுபடி தேயிலைக்காகக் காடு வெட்டினார். அந்தக் காட்டில் அதற்கு முன் யார் இருந்தார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்தப் பாட்டிக்கு எங்கள் லைன் வீட்டில் தனி டம்ளர். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்பாக்ஸில் லொக்கேஷன் கேட்பவர்களுக்கு: சாலையோரத்திலேயே இருக்கிறது. ராத்திரியில் போகாதீர்கள். சுரத்தில் லாரி வரும்.