அந்த நிழல் முதலில் நாய்களுடையது

"நாய்தானே, வேறு எங்காவது போய்ப் படுத்துக்கொள்ளும்." எங்கள் வீட்டுக்கு சோலார் பொருத்த வந்த குழுவின் மேற்பார்வையாளர் இப்படிச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். நாய் வளர்க்கும் வீட்டில் சோலார் போட்டவர்கள் எல்லோரும் இதே பேச்சைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

வீட்டின் பக்கச் சுவர் ஓரம், நாள் முழுவதும் வெயில் படாமல், காற்று மட்டும் தடையின்றி வந்துபோகும் ஒரே இடத்தை எங்கள் நாய்கள் கருப்பனும் சின்னியும் தங்களுக்கென்று வைத்திருந்தன. சோலார் தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டியை மாட்ட அந்தக் குழுவினர் தேடியதும் நிழலும் காற்றோட்டமும் உள்ள சுவரைத்தான். அந்தக் கருவிக்கு நேரடி வெயில் ஆகாது என்பதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அதே தேவையால் அந்த இடத்தை முன்பே பிடித்துவைத்திருந்த இரண்டு உயிர்கள் அவர்கள் கண்முன்னே படுத்திருந்தன. ஒருவர் அளவு நாடாவை நீட்டினார், கருப்பன் எழுந்து அதன் நுனியை முகர்ந்தது, காலால் தள்ளிவிட்டார். சுவரில் பென்சிலால் குறி போட்டார், கருப்பன் திரும்பி வந்து அதே இடத்தில் படுத்தது, மறுபடியும் விரட்டினார். எதிர்ச் சுவரிலும் மதியத்துக்கு மேல் நிழல்தான், காலை வெயிலுக்கு ஒரு சிறு தகரக் கூரை போட்டால் போதும் என்று நான் சொன்னதற்கு, கம்பி நீளம் கூடிவிடும் என்றார்கள். பிறகு நாயின் தலைக்கு நேர் மேலே டிரில்லிங் மெஷினை ஓட்டினார்கள். சின்னி நடுங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கியதைப் பார்த்த பிறகும், கொஞ்சம் நிறுத்துங்கள், அவற்றை உள்ளே கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் கத்திய பிறகும், அந்த மெஷின் நிற்கவில்லை. சிமென்ட் தூசி முழுவதும் அவை நீர் குடிக்கும் சட்டியில் விழுந்தது.

இன்வெர்ட்டரிலிருந்து சத்தமே வராது என்று உறுதி சொன்னார்கள். யாருடைய காதுக்கு? மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், வயது ஏற ஏற அதுவும் குறையும். நாயின் காது ஏறக்குறைய 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இன்வெர்ட்டர் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்குவதற்காக அதன் உள்ளே மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தித் திறக்கப்படுகிறது. அந்த அதிர்வு கம்பிச்சுருள்களில் கிளப்பும் கீச்சொலி நமக்கு எட்டாவிட்டாலும் நாய்க்கு எட்டும். காலையில் தகடுகளின் மீது வெளிச்சம் பட்டதும் கருவி தன்னைச் சோதித்துக்கொண்டு, உள்ளே ரிலே என்னும் தானியங்கி சுவிட்ச் 'டக்' என்று விழுந்து இயங்கத் தொடங்குகிறது. அந்த ஒலி கேட்டவுடன் கருப்பன் எழுந்து போய்விடுகிறது. சூரியன் இறங்கிக் கருவி அடங்கிய பிறகுதான் திரும்பி வருகிறது. நிழல் தேவைப்படும் பகல் முழுவதும் அதற்கு அந்த இடம் இல்லை. படுக்கையறைச் சுவரில் மாட்ட வேண்டாம், ஒலி தொந்தரவாக இருக்கும் என்று பல இன்வெர்ட்டர்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன. அந்த அக்கறையை நாய் உறங்கும் சுவருக்கும் காட்டுவதில் என்ன நட்டம்?

வெப்பம் வேறு. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் 97 சதவீதத் திறனுடன் முழுச் சுமையில் இயங்கினால்கூட சுமார் 150 வாட் வெப்பமாக வெளியேறுகிறது. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்க்காது; மூச்சிரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அதன் ஒரே குளிர்ந்த மூலையில், அதுவும் உச்சி வெயில் நேரத்தில், ஒரு சூட்டுப் பெட்டியை ஓடவிட்டிருக்கிறார்கள்.

இத்தோடு போயிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். தகடுகளைத் தாங்கும் சட்டகத்தை முடுக்கியபோது மொட்டைமாடியிலிருந்து விழுந்த மரைகளையும் வாஷர்களையும் யாரும் பொறுக்கவில்லை. கண்ணில் படுவதை எல்லாம் வாயில் போடும் வயது சின்னிக்கு. துத்தநாகப் பூச்சுள்ள ஒரு மரையை நாய் விழுங்கிவிட்டால், வயிற்று அமிலத்தில் அந்தத் துத்தநாகம் கரைந்து இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், உயிரே போகலாம். புல்லுக்குள் கைவிட்டுத் துழாவி, ஒன்றைச் சின்னியின் பற்களுக்கு இடையிலிருந்து பிடுங்கி, மற்றவற்றை டப்பாவில் சேர்த்தது நான். தகடுகளிலிருந்து இறங்கும் கம்பிகளையோ முழங்கால் உயரத்தில் குழாய் இல்லாமல் தொங்கவிட்டிருந்தார்கள். வரிசையாக இணைத்த தகடுகளில் சில நூறு வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும்; இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரை அணைத்தாலும், வெளிச்சம் இருக்கும்வரை தகட்டுப் பக்கக் கம்பியில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். பல் முளைக்கும் குட்டி கம்பியைக் கடிக்கும் என்பது, நாயின் உயரத்துக்கு ஒரு முறை குனிந்து பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும். ஒருவரும் குனியவில்லை.

பணி நிறைவுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டு இன்று மறுபடியும் அழைத்தார்கள். இன்வெர்ட்டர் எதிர்ச் சுவருக்குப் போக வேண்டும், கம்பிகள் முழுவதும் குழாய்க்குள் அடங்க வேண்டும், காந்தத்தைக் கொண்டுவந்து முற்றத்துப் புல்லை ஒரு சாண் விடாமல் துழாவ வேண்டும், அதன் பிறகுதான் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். கூடுதல் வேலைக்குக் கூடுதல் கட்டணம் ஆகும் என்றார்கள். தர மாட்டேன்.