கய்யாலையை இடிக்கும் முன் ஒரு மழைக்காலம் பொறுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனைப் பக்கத்து ரப்பர் விளைகளில் சரிவை மறித்துக் கட்டிய பழைய கல் கய்யாலைகள், அதாவது மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவர்கள், இன்னும் மிச்சம் இருக்கின்றன. சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. நிலத்தைத் திருத்தும்போது கிடைத்த கல்லையே பார்த்துப் பார்த்து அடுக்கியது. இடம் கைமாறினால் ஜேசிபி வந்து முதலில் அதைத்தான் பிடுங்குகிறது. கல் டெம்போவில் போய்விடும், அந்த இடத்தில் ஹாலோ பிளாக் சுவர் எழும்பும். பார்க்க வயிறு எரிகிறது.

நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மேட்டில் பெய்கிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, சுவரின் பின்னால் வந்து முட்டும். கய்யாலை என்றால் கல்லிடுக்கு வழியாகக் கசிந்து வெளியே போய்விடும். கசிவுத் துளை விடாமல் சிமெண்ட் சுவர் கட்டினால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. ஈரமண்ணின் பாரமும் தண்ணீரின் தள்ளலும் சேர்ந்து அதைச் சாய்த்துவிடும். 2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளத்தில் தவித்தது. அப்படியொரு மழை மறுபடியும் வராதா என்ன?

பழைய கய்யாலையைக் காப்பாற்றப் பெரிய செலவு வேண்டாம், கவனம்தான் வேண்டும். இடுக்கில் முளைக்கும் ஆல், அரசங்கன்றுகளைச் சின்னதிலேயே எடுத்துவிட வேண்டும். வேர் தடித்த பிறகு பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். வயிறு தள்ளி நிற்கிற பகுதியை மட்டும் பிரித்து, அதே கல்லால் திரும்பக் கட்டலாம். பெரிய கல் அடியில், கட்டு உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, ஒரு இணைப்புக்கு நேர் மேலே இன்னொரு இணைப்பு வராமல், நடுநடுவே குறுக்காக நீளக்கல். பின்னால் மண்ணைக் கொட்டாமல் பொடிக்கல்லைத் திணிக்க வேண்டும். தயவுசெய்து வெளியே சிமெண்ட் பூசாதீர்கள்! தண்ணீர் போகும் வழியை நாமே அடைத்தது போல் ஆகிவிடும்.

வட்டக்கோட்டையைத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. விளைக்குள் கிடக்கும் கய்யாலைக்குப் பட்டாதாரர்தான் காவல். "என் இடம், என் கல்" என்று அவர் சொன்னால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மேல்தட்டுக் கய்யாலை போனால் மண் இறங்குவது கீழ்வீட்டுக்காரரின் முற்றத்தில். எல்லைக் கய்யாலை என்றால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசாமல் ஒருவர் மட்டும் இடிப்பது தப்பு என்றே சொல்வேன்.

அதற்காகத் தடைச்சட்டம் போடச் சொல்லவில்லை. தடை வரும் என்று தெரிந்தால் அதற்கு முந்தின ராத்திரியே இடித்துவிடுவார்கள். சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையை 2018-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, குரோஷியா, கிரீஸ், இத்தாலி உள்ளிட்ட 8 நாடுகள் சேர்ந்து கேட்டதால். நம் ஊரில் இந்த வேலை தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, கற்றுக்கொள்ள ஆள் வருவதில்லை. நூறு நாள் வேலையில் சிறு விவசாயிகளின் நிலத்திலேயே கல்வரப்பு போட்டிருக்கிறார்கள். அதே மாதிரி சரிந்த கய்யாலைகளைத் திருப்பிக் கட்டும் கூலியில் ஒரு பங்கை ஊராட்சி ஏற்கட்டும், அந்த வேலைக்கு ஒரு மூத்த கல்கட்டுக்காரரோடு இரண்டு இளைஞர்களையும் சம்பளத்துக்கு வைக்கட்டும். அடுத்த கிராமசபையில் இதை நான் மனுவாகவே கொடுக்கப் போகிறேன்.