பத்து நிமிடத்தில் ஒரு கல்வெட்டு

சரித்திர நாவல் பற்றிப் பேச முக்கால் மணி நேரம் தருவதாகச் சொல்லித்தான் அழைத்தார்கள். உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றிச் சொல்ல ஆசையாகப் போனேன். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களெல்லாம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டிலேயே காட்டுமன்னார்கோயில் அனந்தீஸ்வரர் கோயிலில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்கள் தரப்பிடமிருந்து பறித்த நிலத்தின் கணக்கும் அதிலேயே இருக்கிறது. பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமா இது?

வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று வரிசையாகப் போய், மைக் என் கைக்கு வரும்போது மணி எட்டரை. மிஞ்சியது பத்தே நிமிடம். பேச ஆரம்பித்ததுமே ‘சீக்கிரம் முடிக்கவும்’ என்று துண்டுச்சீட்டு வேறு.

அப்புறம் ஒரு கல்லூரி மாணவி கையெழுத்துக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை நீட்டினாள். புத்தகம் வாங்கக் காசோடுதான் வந்திருக்கிறாள். விற்பனைக்கு ஒரு மேசைகூடப் போடவில்லை. மனசே ஆறவில்லை.