லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்ன புண்ணியவான்களே!

மறுபடியும் வந்துவிட்டது அந்த மஞ்சள் முக்கோணம். "அசைவு சென்சார் கேலிபரேட் செய்யப்படவில்லை. உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு ஆபத்து ஏற்படலாம்." கேலிபரேட் என்றால் சென்சாரின் அளவைச் சரிபார்த்து அமைப்பதாம். முந்தாநாள் வரைக்கும் ஓர் ஆபத்தும் இல்லை. ராத்திரி என்னைக் கேட்காமல் ஓர் அப்டேட் ஓடியது, காலையில் ஆபத்து வந்துவிட்டது. ஆபத்தைக் கொண்டுவந்து உள்ளே விட்டதே நீங்கள்தானே ஐயா! 'பிறகு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் காபி ஆறுவதற்குள் திரும்ப வந்து நிற்கிறது.

சென்சார் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது, படிக்கிற முனை அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அப்போது லேப்டாப் விழுந்தால் முனை தட்டில் இடித்து, கல்யாண போட்டோவிலிருந்து வருமான வரிக் கணக்கு வரை சுரண்டி எடுத்துவிடும். முக்கால் மீட்டர் மேசையிலிருந்து தரைக்கு வர சுமார் 0.4 விநாடி. அதற்குள் 'விழுகிறோம்' என்று சென்சாரை வைத்துக் கண்டுபிடித்து முனையை ஓரமாக ஒதுக்கிவிட வேண்டும். ஐபிஎம் 2003-இலேயே தன் திங்க்பேட் லேப்டாப்பில் இதைச் செய்துவிட்டது, ஆப்பிள் 2005-இல் செய்தது. கெட்டிக்காரர்கள். என் லேப்டாப்பைச் செய்தவர்களும் சென்சாரை வைத்தார்கள். வைத்தவர்கள் சும்மா இருந்திருக்கலாம்.

"லேப்டாப்பைச் சமதளத்தில் வைக்கவும். தொடாமல் இருக்கவும். நெக்ஸ்ட்டை அழுத்தவும்." தொடாமல் எதால் அழுத்துவது, மூக்காலா? அழுத்தினேன். "அசைவு கண்டறியப்பட்டது. மீண்டும் முயலவும்." சரி, மவுஸால் அழுத்தலாம் என்றால் மவுஸும் அதே மேசைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. "அசைவு கண்டறியப்பட்டது." மவுஸைத் தூக்கி நாற்காலியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தை கன்னத்தைத் தொடுவது மாதிரி ஒரு கிளிக். அந்த நேரம் பார்த்து அடுக்களையில் மிக்ஸி. "அசைவு கண்டறியப்பட்டது." 2008-இல் அமெரிக்காவில் லேப்டாப்புகளுக்குள் இருக்கும் இதே சென்சாரை வைத்து நிலநடுக்கத்தைப் பதிவு செய்ய குவேக்-கேட்சர் நெட்வொர்க் என்று ஒரு திட்டமே ஆரம்பித்தார்கள். நம்முடையது தேங்காய்ச் சட்னியைப் பதிவு செய்கிறது.

மிக்ஸி ஓய்ந்தது. இந்த வெயிலில் ஃபேனையும் அணைத்தேன். வீட்டில் யாரும் நடக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். எல்லாரும் நின்ற இடத்தில் நிற்கிறார்கள், எனக்குக் கழுத்தில் வியர்வை ஓடுகிறது, பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து முக்கால்வாசிக்கு வந்து நின்று சொல்கிறது: "பரப்பு சமதளமாக இல்லை."

மேசையிலிருந்து சாப்பாட்டு மேசைக்குப் போனேன். இல்லை. அடுப்படிக் கடப்பைக் கல் மேல் வைத்தேன். இல்லையாம். ஹால் தரையில் வைத்தால் அதுவும் இல்லை. கீழ் வீட்டில் பூச்சு வேலை நடக்கிறது. கொத்தனார் அண்ணனிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வந்தேன். "எதுக்கு தம்பி?" என்றார். "கம்ப்யூட்டருக்கு அண்ணே" என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, பாவம், பெரிய மனுஷன். ஹால் தரையில் வைத்துப் பார்த்தால் குமிழி நேராக வாசல் பக்கம் ஓடுகிறது. ஒரு பக்கம் பழைய நாளிதழை மடித்துக் கொடுத்து, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் முதல் கட்டம் தேறியது.

ஆமாம், முதல் கட்டம்தான் அது.

அடுத்து இடது விளிம்பில் நிறுத்த வேண்டுமாம். பிறகு வலது விளிம்பில். "மூடியைத் திறந்தே வைத்திருக்கவும்." நிறுத்தினேன், ஒரு கையால் திரையைத் தாங்கிக்கொண்டு. கடைசியாக, "லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடித்து, திரையில் வரும் குறிப்புகளைப் பின்பற்றவும்."

தலைகீழாகப் பிடித்தால் குறிப்பும் தலைகீழாகத்தானே தெரியும்? இதை எழுதிய இன்ஜினியர் வௌவாலா? குனிந்து, கழுத்தைத் திருப்பி, எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, அதுக்குள்ள ஏதாவது தண்ணி போயிடுச்சா?" என்றாள்.

இதில் எனக்கு வயிறு எரிவது எங்கே தெரியுமா? டிஸ்க் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது. முனை மிதந்துகொண்டிருக்கிறது. 'அசைக்காதே, ஆபத்து' என்று காலையிலிருந்து கத்தியவர்கள், அதே டிஸ்க்கை ஓடஓட புரோட்டா மாதிரி திருப்பிப் போடச் சொல்கிறார்கள்! மேசையில் பத்திரமாகக் கிடந்தவரை அதற்கு ஒரு ஆபத்தும் இல்லை. என் வியர்த்த கையில் தலைகீழாகத் தொங்கும்போதுதான் அது விழுவதற்கு நிஜமான வாய்ப்பே வந்தது.

அதுவும் எதற்கு? சும்மா கிடக்கிற லேப்டாப்பில் சென்சார் புவியீர்ப்பை 1ஜி என்று காட்டும். விழுகிற லேப்டாப்பில் எல்லாத் திசையிலும் கிட்டத்தட்ட பூஜ்யம். ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ரசமட்டம் வேண்டுமா? 'இல்லை நண்பரே, விழுவதற்கு முன்னால் வரும் சாய்வையும் கணிக்க...' என்று யாராவது விளக்க வருவீர்கள். இன்றைக்கு மட்டும் வராதீர்கள்.

எழுத்துக்கூட்டி முடித்து, நெக்ஸ்ட்டை அழுத்தப் போகிறேன், எல்லாம் உறைந்துவிட்டது. மவுஸ் நகரவில்லை. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி மட்டும்: "திடீர் அசைவு. பாதுகாப்புக்காக ஹார்ட் டிஸ்க் நிறுத்திவைக்கப்பட்டது." நான் திருப்பியதைப் பார்த்துவிட்டு, விழுகிறோம் என்று முடிவு செய்து, முனையை ஒதுக்கிவிட்டது. கேலிபரேஷன் புரோகிராம் இருப்பது அந்த டிஸ்க்கில். டிஸ்க் நின்றுவிட்டது, அதனால் புரோகிராமும் நின்றுவிட்டது. அதாவது சென்சார் அருமையாக வேலை செய்கிறது! கேலிபரேட் ஆகவில்லை என்று சொல்லப்பட்ட அதே சென்சார்!

அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய.

ரசமட்டத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன், கையில்தான் இருக்கிறதே என்று வீடு முழுக்க வைத்துப் பார்த்தேன். ஹாலில் வாட்டம் இருக்கிறது. படுக்கையறையில்கூட இருக்கிறது. பாத்ரூமில் வைத்தால் குமிழி நட்ட நடுவில், ஒரு இம்மி நகராமல் நிற்கிறது. தண்ணீர் ஓட வேண்டிய ஒரே இடத்தில் வாட்டமே இல்லை! குடிவந்த நாளிலிருந்து துடைப்பத்தால் தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கிறோம், "புது வீடுன்னா அப்படித்தான் சார், போகப் போகச் சரியாயிடும்" என்று சாவி கொடுக்கும்போது சொன்னார் அந்த பில்டர். தரை எப்படிய்யா போகப் போகச் சாயும்? போன் போட்டால் எடுப்பதில்லை. இருங்கள், அவருக்கும் ஒன்று எழுதிவிட்டு வருகிறேன்.