பிளாஸ்டிக் பை இறைச்சியைக் காப்பாற்றாது

அலாஸ்காவில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறவர்கள், வெட்டிய இறைச்சியை உடனே பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவிட்டால் ஈ மொய்க்காது, பத்து நாள் கெடாது என்று சிலர் எழுதுகிறார்கள். ஈ வராது, சரி. ஆனால் இறைச்சி கெட்டுவிடும். தயவுசெய்து யாரும் இதை நம்பிச் செய்ய வேண்டாம்.

வளர்ந்த ஆண் மூஸ் 500 கிலோவைத் தாண்டும், ஒரு பின்தொடையே 50 கிலோவுக்கு மேல் வரும். வெட்டும்போது அதன் உள்ளே கிட்டத்தட்ட 38 டிகிரிச் சூடு இருக்கிறது. அதைப் பிளாஸ்டிக்கில் மூடினால் சூடும் ஈரமும் வெளியேற வழியில்லாமல், இடுப்பு மூட்டெலும்பை ஒட்டிய சதை முதலில் புளித்துப் போகும், வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

காற்றுப் புகும் பருத்தித் துணிப்பையில் போட்டு, நிழலில், ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிடுங்கள். மேற்பரப்பு காய்ந்து தோல்போல இறுகினால் ஈ முட்டையிடுவதும் கடினம். மழைக்குத் தார்ப்பாய் கட்டலாம், பக்கங்களை மட்டும் மூடாதீர்கள். வெயில் அதிகமென்றால் தண்ணீர் புகாத பையில் போட்டு ஆற்றில் கொஞ்ச நேரம் குளிரவைப்பது நல்ல வழிதான், அப்புறம் உடனே வெளியே எடுத்து உலர்த்திவிட வேண்டும்.